சான்றிதழை வெளிநாட்டில் காட்டப் போகிறீர்களா?

பிறப்பு, திருமண, பட்டச் சான்றிதழ்கள் வேறு நாட்டில் செல்லுபடியாக வேண்டுமென்றால், அந்த நாடு 1961ஆம் ஆண்டின் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் (அப்போஸ்டில் என்பது ஆவணத்தோடு இணைக்கப்படும் அரசுச் சான்று) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆவணம் தந்த நாடும் அதில் இருந்தால் பெரும்பாலும் அப்போஸ்டில் ஒன்றே போதும். இல்லையென்றால் வெளியுறவு அமைச்சகம், பிறகு தூதரகம் என்று அலைய வேண்டியிருக்கும்.

அப்போஸ்டில் தருவது ஆவணத்தை வழங்கிய நாடுதான். போய் இறங்கிய பிறகு தேடுவது பெரும்பாடு, கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே அது சொல்லும்; உள்ளே இருக்கும் விவரங்களுக்குப் பொறுப்பேற்காது. அதனால் பெயர், பிறந்த தேதி எல்லாம் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பிழை இருந்தால் முதலில் திருத்துங்கள். மொழிபெயர்ப்பை அப்போஸ்டிலுக்கு முன்பு செய்வதா, பின்பா என்பதை ஆவணம் கேட்கும் அலுவலகத்திலேயே விசாரியுங்கள். தயவுசெய்து மூலச் சான்றிதழை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்!