மிஸ்ஸிங் அடிக்கும் பழைய என்ஜின்: பாகங்களை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரின் என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியதும், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கியதும், பெரும்பாலோர் முதலில் செய்வது பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் புதிதாக வாங்கி மாட்டுவதுதான். அதில் சரியாகவில்லை என்றால் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில், பிறகு பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கடைசியில் ஆக்சிஜன் சென்சார் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவார்கள். இப்படிப் போனால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது; சரியாகாவிட்டால், புதிதாகப் போட்ட பாகத்தின் மேலேயே சந்தேகம் வரும். மிஸ்ஸிங் என்பது ஓர் அறிகுறி மட்டுமே. ஏதோ ஒரு சிலிண்டரில் உரிய நேரத்தில் பொறி வரவில்லை, அல்லது காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்கவில்லை, அல்லது அந்தக் கலவை போதிய அளவு அழுத்தப்படவில்லை. எந்தச் சிலிண்டர், இம்மூன்றில் எது, என்ஜின் எந்த நிலையில் இருக்கும்போது என்பதெல்லாம் தெரியும்வரை எந்தப் பாகத்தையும் வாங்காமலிருப்பது நல்லது.

காரின் கணினி பதிவுசெய்யும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை இணைக்கும் வசதியுள்ள கார்களில், குறியீட்டைப் பார்த்த கையோடு அழித்துவிடுவது பரவலான தவறு. பி0301 என்பது முதல் சிலிண்டரையும், பி0304 என்பது நான்காவது சிலிண்டரையும் குறிக்கும். பி0300 வந்தால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மிஸ்ஸிங் மாறி மாறி வருகிறது என்று பொருள். குறியீடு பதிவான கணத்தில் என்ஜின் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு சுமை இழுத்தது என்ற விவரங்களையும் கணினி சேமித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் அவையும் போய்விடும். எனவே முதலில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் சிலிண்டர் எது என்பதையும் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலான என்ஜின்களில் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். பல பிரெஞ்சு என்ஜின்களிலோ ஃப்ளைவீல் (கியர்பாக்ஸ் முனையிலுள்ள கனமான சக்கரம்) பக்கத்திலிருந்து எண்ணுவது வழக்கம். இது தெரியாமல் நல்ல சிலிண்டரைக் கழற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குபவர்கள் உண்டு.

என்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னும்போது, வீடுவரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைப்பது எல்லாவற்றையும்விடச் செலவு வைக்கும் தவறு. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாக, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயிலை மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பாகத்தையும் இழுத்துவிடும். விளக்கு மின்னினால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே முறை.

சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள என்ஜின்களில் செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்றால், அதன் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கும், மூன்றாவதில் இருந்ததை முதல் சிலிண்டருக்கும் மாற்றி மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் பழுது. மாறவில்லை என்றால் அடுத்ததாகப் பிளக்கையும், அதற்கடுத்து இன்ஜெக்டரையும் இதே முறையில் இடம் மாற்றலாம். இங்கே பலர் செய்யும் தவறு, காயில், பிளக் இரண்டையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றுவது. அப்போது மிஸ்ஸிங் இடம் மாறினாலும் இரண்டில் எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. காயிலைக் கழற்றும்போது பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வால்வு கவர் கேஸ்கட் (என்ஜினின் மேல் மூடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பட்டை) கசிந்து, எண்ணெயில் ஊறிய ரப்பர் பூட் வழியாக மின்சாரம் ஒழுகுவது பழைய என்ஜின்களில் சாதாரணம். கேஸ்கட்டை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றினால், புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

கழற்றிய பிளக்கைத் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டுவதும் கையில் கிடைத்த தடயத்தை அழிப்பதுதான். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியே வராமல் இருந்திருக்கலாம். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) கசிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

இனி வருவது, அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றும் ஒன்று. மிஸ்ஸிங் குறியீட்டோடு, கலவையில் பெட்ரோல் குறைவு என்ற குறியீடும் சேர்ந்து வந்தால், ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் ஏராளம். அந்தச் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைத்தான் அறிகிறது. பொறி வராத சிலிண்டரிலிருந்து பெட்ரோல் மட்டுமல்லாமல், பயன்படாத ஆக்சிஜனும் வெளியேறுகிறது. அதைக் கண்ட சென்சார் பெட்ரோல் குறைவு என்று தகவல் கொடுக்க, கணினி பெட்ரோலை மேலும் கூட்டுகிறது. சென்சார் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. மிஸ்ஸிங்கைத் தீர்த்த பிறகும் அந்தக் குறியீடு திரும்ப வந்தால்தான் சென்சாரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உண்மையிலேயே காற்று கசிந்து உள்ளே வருகிறது என்றால் அதன் போக்கு வேறு. ஐட்லிங்கில் நடுங்கும் என்ஜின் 2,500 ஆர்.பி.எம்.மில் சீராகிவிடும், ஸ்கேனரில் பெட்ரோல் திருத்த அளவு (கணினி தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐட்லிங்கில் மிகக் கூடுதலாகவும், ஆர்.பி.எம். ஏற ஏறக் குறைந்தும் காட்டும். என்ஜின் காற்றை உறிஞ்சும் பாதையோடு இணைந்த, விரிசல் விட்ட வேக்குவம் குழாய்கள், அந்தப் பாதையின் இணைப்பை அடைக்கும், இறுகிப்போன இன்டேக் கேஸ்கட் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. கசிவைத் தேட, சூடான என்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனரைத் தெளிக்கும் பழக்கம் தீ விபத்தில் முடியக்கூடியது. புகை செலுத்திப் பார்ப்பதே பாதுகாப்பானது.

ஒரே காயிலின் மின்சாரத்தை ஒயர்கள் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்களில் ஓடும் என்ஜினிலிருந்து பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய பழக்கம். அந்த ஒயரில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட், கையில் அடிக்கும். அதைவிட, மின்னணு இக்னிஷன் உள்ள கார்களில் போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலையோ மாட்யூலையோ கெடுத்துவிடும். இன்ஜெக்டர் உள்ள காரானால், அதன் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் போதும். எதைக் கழற்றும்போது என்ஜின் ஓசையில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது. ஒயர்களைக் கழற்றும் முன் அடையாளம் இடாமல் விட்டு, பிறகு பொறி வரிசையைக் குழப்பிக்கொண்டால் இல்லாத மிஸ்ஸிங்கும் வந்து சேரும். நான்கு சிலிண்டர் என்ஜின்களில் 1-3-4-2 வரிசையே அதிகம் என்றாலும், அதையே எல்லாவற்றுக்கும் பொருத்தக் கூடாது.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் மிஸ்ஸிங் தொடர்ந்தால், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை. என் கருத்தில், நிறைய ஓடிய என்ஜினில் அதை இரண்டாவது நாளே செய்துவிடலாம். பத்தாவது பாகத்தை மாற்றிய பிறகு செய்வது வீண். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி, நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரியோடு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்று கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டாலும் வரும் எண்களை நம்ப முடியாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி அளந்து, அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து குறைந்திருந்தால் சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் ஐட்லிங்கில் மட்டும் மிஸ்ஸாகிறது என்றால், வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய சிறு இடைவெளி) இறுகியிருக்கலாம். எரிவாயுவில் ஓடும் கார்களில் இது சீக்கிரமே வரும். கையால் சரிசெய்யும் அமைப்பு உள்ள என்ஜின்களில் இதைப் பார்க்காமலே ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள்.

பிளக்கை மாட்டுவதிலும் கவனம் தேவை. அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும். புதிய பிளக்கை முதலில் கையால் மட்டுமே திருக வேண்டும். வாஷர் உள்ள புதிய பிளக் என்றால், கைக்கு இறுகிய பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று. கூம்பு வடிவில் அமரும் பிளக் என்றால் பதினாறில் ஒரு பங்கு சுற்றே போதும். பெட்டியிலிருந்து எடுத்ததாலேயே இடைவெளி சரியாக இருக்கும் என்று நம்பாமல் அளந்து பாருங்கள். இரிடியம் பிளக்கின் மெல்லிய முனையை மட்டும் நெம்பக் கூடாது.

வேலை முடிந்ததும் ஐட்லிங்கில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, சரியாகிவிட்டது என்று முடிவுசெய்ய வேண்டாம். மேடேறும்போது வந்த மிஸ்ஸிங்கை மேட்டில்தான் சோதிக்க முடியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்தது என்றால், காரை இரவு முழுக்க ஆறவிட்டு மறுநாள் காலையில்தான் பார்க்க வேண்டும். எழுதி வைத்த அதே ஆர்.பி.எம்., அதே சூடு, அதே சுமையில் ஓட்டி, ஸ்கேனரில் அந்தச் சிலிண்டரின் மிஸ்ஸிங் எண்ணிக்கை ஏறாமல் இருப்பதைக் கண்ட பிறகே பழைய காயிலையும் பிளக்கையும் தூக்கிப்போடலாம்.