வீட்டில் சபிஹ்: கத்தரிக்காயும் அம்பாவும்

சபிஹ் என்பது பொரித்த கத்தரிக்காயும் முட்டையும் அடைத்த ரொட்டி. ஈராக்கிய யூதர்களின் சனிக்கிழமைக் காலை உணவிலிருந்து வந்தது. ஓய்வுநாளான சபத்தில் அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் வெள்ளி பொழுது சாய்வதற்குள் கத்தரிக்காயைப் பொரித்து வைத்துவிடுவார்கள்; முட்டை இரவெல்லாம் இளஞ்சூட்டில் கிடக்கும். 1950-51இல் பாக்தாத்திலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர்களோடு போய், 1960களில் ராமத் கான் நகரில், பைபோல் திறக்கும் பிட்டா ரொட்டிக்குள் புகுந்து தெருக்கடைப் பண்டமானது. இறைச்சி கிடையாது, முட்டை உண்டு.

நான்கு பேருக்கு 4 பிட்டா, 2 பெரிய ஊதாக் கத்தரிக்காய் (600 கிராம்), 4 முட்டை, 2 உருளைக்கிழங்கு, 2 தக்காளி, 2 வெள்ளரிக்காய் போதும்.

முதல்நாளே அம்பாவைத் தொடங்குங்கள். இது குழம்புபோல் ஊற்றும் மாங்காய் ஊறுகாய். பம்பாயில் வாணிபம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக ஈராக்குக்குப் போனது என்பார்கள். பெயரே மராத்தியில் மாம்பழம்தான். 300 கிராம் மாங்காயை நறுக்கி 2 தேக்கரண்டி உப்பில் ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் மஞ்சள்தூள் 1, வறுத்துப் பொடித்த வெந்தயம் 1, கடுகுப்பொடி அரை, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, 2 மேசைக்கரண்டி வினிகர், 100 மி.லி. தண்ணீர் சேர்த்து 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஊற்றும் பதத்தில் அரையுங்கள். வெந்தயம் கருகினால் மொத்தமும் கசக்கும். ஆவக்காயைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்; அதன் எண்ணெய் எள் விழுதின் சுவையை அமுக்கிவிடும்.

முட்டையை வெங்காயச் சருகும் ஒரு கரண்டித் தேயிலையும் போட்ட தண்ணீரில், சிம்மில் 6 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் வற்ற வற்றச் சுடுநீர் ஊற்றுங்கள். வெள்ளைக்கரு பழுப்பாகும். நேரமில்லையா, 10 நிமிடம் வேகவைத்தது போதும்.

கத்தரிக்காயில்தான் பலர் சறுக்குவது. ஒன்றரை செ.மீ. கனத்தில் வட்டமாக வெட்டி, உப்புத் தூவி அரைமணி வையுங்கள். பஞ்சுபோன்ற சதை தண்ணீர் விட்டுச் சுருங்கினால்தான் எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும். துணியால் அழுத்தி ஒற்றி, ஒரு விரற்கடை ஆழ எண்ணெயில், ஒரு தடவைக்கு நாலைந்து துண்டாக, பக்கத்துக்கு 4 நிமிடம் பொரியுங்கள். சட்டியை நெருக்கினால் எண்ணெய்ச் சூடு இறங்கி, துண்டுகள் ஊறிப்போகும். பொன்னிறத்தில் எடுத்துவிடாதீர்கள். நன்கு சிவந்த பழுப்பு வர வேண்டும். விரலால் அழுத்தினால் நடுப்பகுதி குழைய வேண்டும். குழையாவிட்டால் சாப்பிடும்போது ரப்பர்தான்.

தஹினி, அதாவது எள் விழுது, 100 கிராமுக்கு அரை எலுமிச்சைச் சாறு, துருவிய பூண்டு ஒரு பல், உப்பு. குளிர்ந்த தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். முதலில் சிமென்ட் கலவைபோல் இறுகும். கெட்டுவிட்டது என்று நிறுத்த வேண்டாம். 80 முதல் 100 மி.லி. ஆகும்போது சட்டென்று வெளுத்து, தோசைமாவுப் பதத்துக்கு இளகும்.

தக்காளி, வெள்ளரியைக் கொண்டைக்கடலை அளவில் நறுக்குங்கள். உப்பும் எலுமிச்சையும் கடைசி நிமிடத்தில்தான். உருளைக்கிழங்கை அவித்து வில்லைகளாக வெட்டுங்கள்.

பிட்டாவில் தண்ணீர் தெளித்து, மூடிய தவாவில் அரை நிமிடம் சூடாக்கி, மேல்விளிம்பை மட்டும் வெட்டித் திறவுங்கள். பாதியாக வெட்டினால் அடைக்கும்போதே பிரியும். உள்ளே முதலில் தஹினி தடவி, கத்தரிக்காய், உருளை, முட்டை, சாலட், மேலே அம்பா. மறுபடி அதே வரிசை. சாலட் அடியில் போனால் நீர் இறங்கி ரொட்டி கிழியும். அம்பா ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், வெந்தய மணம் மறுநாள் வேர்வையில்கூட வரும்.

பொரித்த கத்தரிக்காய் மிஞ்சினால் சூடாக்காதீர்கள். ஆறியதைத்தான் அந்த வீடுகளில் சனிக்கிழமை சாப்பிட்டார்கள்.