2,000 டாலர் கூடுதல் எதற்கு? விலை உயர்ந்த கைத்துப்பாக்கி வாங்குவோர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் போனால், ஒரே கண்ணாடி அலமாரியில் 500, 600 டாலருக்கு கிளாக் 17 இருக்கும். நடுத்தட்டில் 2,500 டாலர் சுமாருக்கு ஸ்டக்காட்டோ. மேல்தட்டில் 4,000 டாலரையும் தாண்டும் நைட்ஹாக் 1911. "இவ்வளவு கொடுத்து வாங்கலாமா, கூடாதா?" என்று ஒரே வரியில் தீர்ப்புக் கேட்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். கூடுதல் பணம் துப்பாக்கியின் எந்தப் பாகத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது, அது நம் கைக்குப் பயன்படுமா என்று கேட்பதுதான் உருப்படியான வழி.

இதை '1911' என்ற பிஸ்டல் மாடலை வைத்துப் பார்ப்பது சுலபம். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தது. 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது, 1985இல் பெரெட்டா வரும்வரை அதுதான் அவர்களின் பிஸ்டல். காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டதால் இன்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கோர் செய்யும் ராக் ஐலண்டு 500 டாலர் சுமாருக்குக் கிடைக்கிறது. ஆர்கன்சா மாநிலத்தில் பெர்ரிவில் என்ற சின்ன ஊரிலிருந்து வரும் வில்சன் காம்பாட், நைட்ஹாக் இரண்டும் அதைப்போலப் பல மடங்கு. வடிவம் ஒன்றேதான்.

கடையில் எல்லோரும் முதலில் செய்வது, பிஸ்டலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பது. கடகடவென்று சத்தம் வந்தால் மட்டம், சத்தமே இல்லாவிட்டால் உசத்தி என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் ஸ்லைடுக்கும் (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) ஃபிரேமுக்கும் (கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகம்) இடையே உள்ள இடைவெளியால் வருவது. குறி தவறுவதற்கும் அதற்கும் தொடர்பு கொஞ்சம்தான். ஏனென்றால் குறிபார்க்க உதவும் முன் சைட், பின் சைட் இரண்டும் ஸ்லைடின் மேல்தான் இருக்கின்றன. தோட்டா வெளியேறும் குழல் தனிப்பாகம். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலின் பின்பகுதி கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி ஸ்லைடோடு பூட்டிக்கொள்கிறது. அப்படி ஏறும்போது ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே என்று உட்கார்ந்தால் சிதறும்.

நல்ல பட்டறைகளில் காசு செலவாவது இங்கேதான். குழலை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிய அளவில் வாங்கி, மை தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்து, அரத்தால் துளித்துளியாகத் தேய்த்துப் பொருத்துவார்கள். நைட்ஹாக்கில் ஒரு துப்பாக்கியை முதலிலிருந்து கடைசிவரை ஒரே கைவினைஞர்தான் செய்கிறார். ஆக, பெரும்பகுதி கூலி. இரும்பின் விலை அதில் சொற்பம். ஆட்டிப் பார்ப்பதற்குப் பதில், துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஸ்லைடு மூடிய நிலையில் தோட்டாக்கூடு வெளியேறும் ஜன்னல் வழியாகக் குழலின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நன்றாகப் பொருத்திய குழல் அசையாது. விலை 3,000 டாலர் போட்டிருந்து, அது அமுங்கி மேலே வருகிறது என்றால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது.

சரி, குழல் அருமையாகப் பொருந்தியிருக்கிறது. அந்தத் துல்லியம் நமக்கு வேண்டுமா? லெஸ் பேயர் நிறுவனம் தன் 1911 பிஸ்டல்கள் 50 கஜத்தில் தோட்டாக்களை 3 அங்குல இடத்துக்குள் சுடும் என்று உறுதி தருகிறது. கூடுதலாகப் பணம் கட்டினால் 1.5 அங்குலம். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். முழு அளவு 1911இல் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 165 மி.மீ. 25 கஜம் என்றால் சுமார் 23 மீட்டர். முன் சைட் அரை மில்லிமீட்டர் விலகினால் போதும், இலக்கில் தோட்டா 7 செ.மீ. தள்ளி விழும். விசையை இழுக்கும்போது மணிக்கட்டு கொஞ்சம் இறுகினாலே அரை மில்லிமீட்டர் போய்விடும். அந்த நிலையில் இருப்பவருக்கு 3 அங்குலத் துப்பாக்கியும் 1.5 அங்குலத் துப்பாக்கியும் ஒன்றுதான்.

தலைப்பில் சொன்ன அந்தக் கூடுதல் 2,000 டாலருக்கு இன்றைய விலையில் 9 மி.மீ. பயிற்சித் தோட்டா 7,000 வாங்கலாம். 1911இன் வழக்கமான தோட்டாவான .45 ஏசிபி என்றால் ஏறத்தாழ பாதிதான் வரும். நான் பார்த்தவரை துப்பாக்கிக்கு மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு, தோட்டாவுக்குக் கணக்குப் பார்த்து மாதம் ஒரு பெட்டி சுடுகிறவர்கள் ஏராளம். வீணைக்கு லட்சம் கொடுத்துவிட்டு வாத்தியாருக்குச் சம்பளம் தர யோசிக்கிற மாதிரி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. போட்டிகளில் சுடுகிறவர் வருடத்துக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரவுண்டு தீர்ப்பார். அவருக்கு மெல்லிய, ஒரே சீரான விசை இழுப்பும், உதைப்பைத் தாங்கும் எடையும் நேரடியாகப் புள்ளிகளாக மாறும். ஆனால் அவருக்கும் விலைதான் அளவுகோல் என்று சொல்ல முடியாது. ஐப்சிக் என்ற சர்வதேசத் துப்பாக்கி சுடும் போட்டிகளின் புரொடக்‌ஷன் பிரிவில் எங்கு பார்த்தாலும் தென்படும் செக் நாட்டு சிஇசட் ஷேடோ 2, நைட்ஹாக் விலையில் பாதிகூட வராது.

இன்னொரு பிடிவாதம் எம்ஐஎம் பற்றியது. உலோகத் தூளைப் பசையோடு கலந்து அச்சில் செலுத்தி, பிறகு உலையில் சுட்டு இறுக்கும் முறை இது. "எம்ஐஎம் பாகம் இருந்தால் தொடாதே" என்று வேதவாக்கு மாதிரி சொல்வார்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் இதைப் பயன்படுத்துகின்றன, நன்றாகச் செய்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். எந்தப் பாகம் என்பதுதான் விஷயம். 1911இன் எக்ஸ்ட்ராக்டர், அதாவது சுட்ட கூட்டைக் கவ்வி இழுக்கும் கொக்கி, தானே ஒரு வில்லாகவும் வேலை செய்ய வேண்டும். அதற்கு ஸ்பிரிங் எஃகு வேண்டும். அதில் சிக்கனம் பிடித்துவிட்டு, கைப்பிடியின் முன்பக்கம் அழகாகக் கட்டம் வெட்டியிருக்கும் துப்பாக்கிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இறுக்கமாகப் பொருத்தியது என்றால் நம்பகமானது என்று எடுத்துக்கொள்வதும் தவறுதான். மிக இறுக்கமான 1911களுக்கு முதல் சில நூறு ரவுண்டுகள் பழக்கப்பட வேண்டியிருக்கும். அதுவரை அங்கங்கே சிக்கலாம். எண்ணெய் தாராளமாகப் போடவேண்டும். வீட்டுப் பாதுகாப்புக்காக வாங்கி, ஒரு பெட்டிகூடச் சுடாமல் மேசை இழுப்பறையில் வைக்கப் போகிறவருக்கு அது தப்பான சாமான். அப்புறம் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் டப்பா. 1911இல் தோட்டா சிக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஸ்டக்காட்டோ மாதிரி இரட்டை வரிசை மேகசின்கள் ஒன்று 70 டாலர் அளவில் இருக்கும், கிளாக்குக்கு 30 டாலருக்குள் முடிந்துவிடும். ஐந்தாறு வாங்காமல் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் களம்) போய்ப் பயனில்லை. சுட்டதும் ஸ்லைடை மறுபடி முன்னுக்குத் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கையும் இரண்டு மூவாயிரம் ரவுண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். விலைச்சீட்டில் இதெல்லாம் இருக்காது.

"விலை ஏறும், முதலீடு மாதிரி" என்ற பேச்சு கடைகளில் அடிக்கடி காதில் விழும். கோல்ட் (Colt) நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வரை உதாரணம் காட்டுவார்கள். 1955இல் வந்தது, உற்பத்தி நின்றபிறகு பழையவற்றின் விலை கிடுகிடுவென ஏறியது உண்மைதான். 2020இல் கோல்ட் நிறுவனமே புதிய பைத்தானை 1,499 டாலருக்கு இறக்கியது. சுடுவதற்காகப் பழையதைத் தேடியவர்கள் புதியதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சேகரிப்பவர்களுக்கு வேண்டியதோ பெட்டி, காகிதம், ரசீது எல்லாம் சேர்ந்த, சுடாத துப்பாக்கி. நீங்கள் சுட்டு மகிழப்போகும் 1911 அந்தக் கணக்கில் வராது. நினைவுப் பதிப்பு என்று பொன்னெழுத்துப் பொறித்து விற்பவை பெரும்பாலும் போட்ட பணத்தைக்கூடத் திருப்பித் தருவதில்லை.

விலை தரத்தைச் சொல்லாத இடங்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் மாநில அரசின் பட்டியலில் இல்லாத மாடல்களைக் கடைக்காரர் புதிதாகப் பொதுமக்களுக்கு விற்க முடியாது. அதனால் உள்ளூரில் கைமாறும் பழையவற்றுக்கு வேறு மாநிலத்தில் நினைத்துப் பார்க்காத விலை சொல்வார்கள். இந்தியாவில் இது இன்னும் மோசம்: 9 மி.மீ. சாதாரண உரிமத்தில் வைத்துக்கொள்ள முடியாத ரகம், தனியார் இறக்குமதியோ பல பத்தாண்டுகளாக முடக்கம். ஆகவே தேய்ந்துபோன வெளிநாட்டு .32 பிஸ்டல்கூட லட்சங்களில் போகிறது. அங்கே கொடுக்கும் காசு தட்டுப்பாட்டுக்கு.

இடையில் ஒன்று: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள், பல ஊர்களில் அந்த வசதி இருக்கிறது. பழைய 1911 என்றால் கடைக்காரரின் அனுமதியோடு ஒரு சோதனை. முதலில் துப்பாக்கி காலிதானா என்று நீங்களும் பாருங்கள், அவரும் பார்க்கட்டும். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, கட்டைவிரல் பூட்டைப் போட்டு, விசையை ஓரளவு அழுத்தமாக இழுத்து விடுங்கள். பிறகு பூட்டை எடுத்துவிட்டு, விசையைத் தொடாமல், சுத்தியலை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தபடி உற்றுக் கேளுங்கள். மெல்லிய 'டிக்' சத்தம் வந்தால், பூட்டு போட்டிருந்தபோதே உள்ளே சியர் (சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பாகம்) நகர்ந்திருக்கிறது, பூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். மேலே என்ன பெயர் பொறித்திருந்தாலும், சரிசெய்து தரும்வரை அதை வாங்காதீர்கள்.