'அட்மொஸ்பியர்': எங்கே வளிமண்டலம், எங்கே களை?

ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கும் பிள்ளைகள் 'அட்மொஸ்பியர்' என்று கண்டதும் 'வளிமண்டலம்' என்று எழுதிவிடுவார்கள். புவியியல் பாடத்தில் சரி. கல்யாண வீட்டைப் பற்றிய பத்தியில் வந்தால் சிரிப்புத்தான்.

படி 1: சொல்லைப் பிரியுங்கள்.
கிரேக்கத்தில் 'அத்மோஸ்' என்றால் ஆவி, 'ஸ்பைரா' என்றால் உருண்டை. இரண்டையும் கோத்தவர்கள் 17ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய அறிஞர்கள். பலரும் சறுக்கும் இடம் இது: 'அத்மோஸ்' எங்கள் 'ஆத்மா'தான் என்று அடித்துச் சொல்வார்கள். ஒலி ஒத்திருந்தால் மட்டும் உறவாகிவிடாது. 'ஆத்மா'வுக்கு ஐயமற்ற உறவு, ஜேர்மன் மொழியில் மூச்சைக் குறிக்கும் 'ஆட்டெம்'. (தமிழில் 'ஆவி' நீராவியையும் உயிரையும் குறிப்பது தனி அழகு.)

படி 2: காலத்தைப் பாருங்கள்.
ஆங்கிலத்தில் இதன் மிகப் பழைய பயன்பாடுகளில் ஒன்று 1638இல், ஆங்கில அறிஞர் ஜோன் வில்கின்ஸ் சந்திரனைப் பற்றி எழுதியபோது. சந்திரனிலோ மூச்சுவிட வளியே இல்லை! ஓர் இடத்தின் மனநிலையைக் குறிக்கும் பொருள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. அதற்கு முந்திய எழுத்தில் அதைத் தேட வேண்டாம்.

படி 3: பாரமானியால் (வளியின் அமுக்கத்தை அளக்கும் கருவி) அளக்கலாமா என்று கேளுங்கள்.
அளக்கலாம் என்றால் வளிமண்டலம். அலகாக வந்தால் 1 வளிமண்டல அமுக்கம் 101,325 பஸ்கால். 760 மில்லிமீற்றர் இரச நிரல். 'வளி' சங்கப் பாடல்களிலேயே உள்ள சொல், 'மண்டலம்' வடமொழி. நீருக்கும் உயிருக்கும் நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்கிறோம். இதற்கு மட்டும் 'வளிக்கோளம்' நிலைக்கவில்லை. நீங்களும் புதிதாக உருவாக்க வேண்டாம்.

படி 4: அளக்க முடியாததற்கு வசனத்தையே மாற்றுங்கள்.
எல்லா இடத்திலும் 'சூழ்நிலை' போட்டால் வசனம் செத்துவிடும். கொண்டாட்டம் என்றால் 'களை': நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஊர் களைகட்டும். படிப்பு, வேலை என்றால் 'சூழல்'. 'டென்ஸ் அட்மொஸ்பியர்' (பதற்றமான நிலை) வந்தால் பெயர்ச்சொல்லே தேவையில்லை: 'கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை' என்று பத்தி சொல்வதைப் பார்த்து எழுதலாம், அல்லது 'ஓர் இறுக்கம் இருந்தது' போதும். 'பிரெண்ட்லி அட்மொஸ்பியர்' என்பதை 'நட்பான சூழ்நிலை' ஆக்குவதைவிட 'மனம்விட்டுப் பழகலாம்' என்பது நல்லது.

'அட்மொஸ்பெரிக்' என்ற பெயரடையில் கூடுதல் கவனம் வேண்டும். அமுக்கத்தின் முன்னால் வந்தால் 'வளிமண்டல'. உணவகத்தின் விளக்கொளிக்கு முன்னால் வந்தால் 'மங்கலான, மனதுக்கு இதமான' என்று விரித்து எழுதுங்கள்.