பாரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு: எண்ணி ஊற்றப் பழகுங்கள்

சென்னையில் ஓட்டல் பார் ஒன்றில் கேப்டனாக, அதாவது பரிமாறுபவர்களை மேற்பார்ப்பவனாக, இருக்கிறேன். புதிதாக வரும் தம்பிகளுக்கு முதல் நாளே சொல்வது இதுதான்: போதை ஏறியவரை நிறுத்துவது கஷ்டம், ஏறும் முன் வேகத்தைக் குறைப்பது சுலபம்.

முதலில் வயது. தமிழ்நாட்டில் 21 முடிந்திருக்க வேண்டும். பாண்டிச்சேரியில் 18 என்பதால் அங்கிருந்து வரும் பையன்கள் வாதாடுவார்கள். சந்தேகம் வந்தால் ஆதாரையோ லைசென்ஸையோ வாங்கி, பிறந்த தேதியைப் பாருங்கள். மீசையை நம்பாதீர்கள்.

அடுத்தது அளவு. பெக் மெஷர் எனும் அளவுக் கிண்ணம் இல்லாமல் கண் மதிப்பில் ஊற்றவே கூடாது. ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60. விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது ஒரு ஸ்மாலில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கும். அதைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். இப்போது பீரைப் பாருங்கள். 650 மில்லி பாட்டில், 7 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் அது மூன்றரை ஸ்மாலுக்குச் சமம்! "பீர்தானே" என்று நாமே அசட்டையாக இருந்துவிடுகிறோம். அதனால் ஆர்டர் சீட்டில் டேபிள் நம்பருக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் ஸ்மால் கணக்காக மாற்றி, மணியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறும்போது அந்தக் கணக்கையும் அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, சாப்பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியமும் சாப்பிடாமல் வந்த ஒருவருக்கு அவர் கேட்ட வேகத்திலேயே மூன்று லார்ஜ் கொடுத்தேன். எழுந்தவர் அப்படியே சரிந்து, மேஜை விளிம்பில் நெற்றி கிழிந்தது. அந்தத் தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் முதல் ரவுண்டோடு தண்ணீர் பாட்டில் போய்விடும், "சாப்பிட என்ன சார் கொண்டு வரட்டும்?" என்றும் கேட்டுவிடுவேன். வெறும் மிக்சரும் ஊறுகாயும் போதாது. சிக்கன், முட்டை, பன்னீர் மாதிரி வயிற்றில் நிற்பதைச் சொல்லுங்கள். சாப்பாடு போதை ஏறும் வேகத்தைத்தான் குறைக்கும், ஏறியதை இறக்காது. காபியும் மோரும் அப்படித்தான், இறக்காது.

குரல் உயர்வது, சொன்னதையே சொல்வது, டம்ளரைத் தேடிக் கை தடுமாறுவது: இவை தெரிந்தால் ரிப்பீட் (இன்னொரு ரவுண்ட்) கேட்கும் வரை காத்திருக்காமல் கேப்டனிடம் சொல்லுங்கள். மறுக்கும்போது எல்லார் முன்னாலும் வேண்டாம். பக்கத்தில் குனிந்து, "சார், இன்னைக்கு இது போதும். சாப்பாடு எடுத்துட்டு வரேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கூட வந்தவர்களில் தெளிவாக இருப்பவரிடமும் ஒரு வார்த்தை. "நீங்க குடிச்சது போதும்" என்று ஆரம்பித்தால் சண்டைதான்.

கடைசியாக, வண்டி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும்போது வண்டி ஓட்டினால் குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பில் கொடுக்கும்போதே "ஆட்டோ சொல்லட்டுமா சார்?" என்று கேளுங்கள். வண்டி இங்கேயே இருக்கட்டும், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

தட்டியும் எழாமல், மூச்சு விட்டு விட்டு வந்தால் தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை பக்கத்திலேயே இருங்கள்.