போர்முனைக் கடிதங்களை உப்புக்காற்றிலிருந்து காப்பது எப்படி

பாம்பன், மண்டபம், தொண்டி வட்டாரத்து வீடுகளில் போர்க்காலக் கடிதங்கள் மூன்று வகையாகக் கிடக்கும். 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போய் 1990 மார்ச்சுக்குள் திரும்பியவர்கள் எழுதிய 56 ஏபிஓ (ராணுவ அஞ்சலக முகவரி) கடிதங்கள், அங்கிருந்து அகதி முகாமுக்கு வந்த குடும்பங்களிடம் உள்ள ஏரோகிராம்கள் (தாளையே மடித்து உறையாக ஒட்டும் வான்தபால்), தபால் நின்றுபோன ஊர்களிலிருந்து செஞ்சிலுவை வழியாக வந்த திறந்த தாள்கள். இவற்றில் பாதிக்கு மேல் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். அந்தப் பெட்டிதான் முதல் எதிரி. பகலில் சூடாகி இரவில் குளிரும் தகரம் உள்பக்கம் வியர்க்கும். ஏற்கெனவே தாளில் படிந்த உப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிரிக்கும் வேலையை ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். மாசி, பங்குனியில், வெயில் ஏறிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும், துணிக் கையுறை வேண்டாம். அது கிழிந்த ஓரத்தில் மாட்டி இழுக்கும். கடிதக் கட்டைக் கலைக்கும் முன் அப்படியே ஒரு படம் எடுங்கள். எந்தக் கடிதம் எந்த உறைக்குள் இருந்தது என்பது கலைத்த பிறகு தெரியாது. ரப்பர் பேண்ட் இறுகித் தாளோடு ஒட்டியிருந்தால் உருவி எடுக்காமல் கத்தரியுங்கள்.

அடுத்தது குண்டூசி. இந்தக் கரையில் தாளைத் தின்பதில் ராமபாணப் பூச்சிக்கு இணையானது துரு. பழைய எக்ஸ்ரே பிலிமை விரல் அகலத்துக்கு வெட்டி, ஊசிக்கும் தாளுக்கும் இடையில் இரண்டு பக்கமும் செருகுங்கள். பிறகு ஊசியை அது போன வழியே பின்னோக்கித் தள்ளுங்கள். அசையாவிட்டால் இழுக்கக் கூடாது. துருப்பிடித்த ஊசி தாளின் ஒரு துண்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். துருவைக் கத்தி முனையால் பிலிமின் மேல் மெல்லச் சுரண்டி உதிர்த்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். ஸ்டேப்ளர் பின் என்றால் பின்பக்கக் கால்கள் இரண்டையும் முதலில் மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, முன்பக்கமாக எடுங்கள். பழுப்புக் கறை போகாது. எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர் யோசனையெல்லாம் தாளையும் மையையும் சேர்த்துக் கெடுக்கும்.

உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால்தலையைக் கிழித்துக் கொடுக்காதீர்கள். ராணுவத் தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, கள அஞ்சலக எண்தான் இருக்கும். உள்ளேயும் இடத்தை எழுத அனுமதியில்லை. அனுப்பியவர் பகுதியில் உள்ள ராணுவ எண், பதவி, படைப்பிரிவு, முத்திரைத் தேதி ஆகியவை மட்டுமே பின்னால் துப்புக் கொடுக்கும். செஞ்சிலுவைத் தாள் வழியில் படிக்கப்படும் என்று தெரிந்தே எழுதியது. குடும்பச் செய்தியைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. ‘இங்கு யாவரும் நலம், அம்மாவுக்கு முட்டுவலி எப்படி’ என்பதோடு முடிந்தால் எழுதியவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாளின் மேல் பேனாவால் எதுவும் குறிக்காதீர்கள். தனி நோட்டில் தேதி, எழுதியவர், பெற்றவர், பெயர் வரும் உறவினர் என்று எழுதுங்கள். ‘சின்னத்தான்’, ‘பெரியவன்’, ‘மதினி’ என்று மட்டும் இருந்தால் அது யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுவிட வேண்டும். இந்த வேலையில் அவசரமானது இது ஒன்றுதான். போராளி எழுதியதில் கையெழுத்து இயக்கத்தில் வைத்துக்கொண்ட புனைபெயரில் இருக்கலாம், வீட்டுப் பெயரைப் பக்கத்தில் குறியுங்கள். அந்த நோட்டை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். அதில் இருப்பவர்களின் சொந்தபந்தம் இன்னும் அக்கரையில் இருக்கிறது.

வைப்பதற்கு, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி போதும். கஞ்சி போடாத, துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். சிவப்புத் துணி நனைந்தால் சாயம் இறங்கும். சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, நீலமணி இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் தரையிலிருந்து முழ உயரத்தில் வையுங்கள். பரண் வேண்டாம், ஓட்டுக்கு அடியில் சூடு அதிகம். அந்துருண்டை போடாதீர்கள், புகைப்படத்துக்கு ஆகாது. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்த பிறகு, தனிப் பொட்டலமாகப் போடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தில் ஊறும். லேமினேஷன் அதைவிட மோசம்: சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்கவே முடியாது. ‘நல்லா இருக்கும்’ என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

படம் எடுக்க நிழல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். இரண்டு பக்கமும் உறையும் எடுத்து, 1988-03-21 என்பதுபோல ஆண்டு முன்னால் வர கோப்புக்குப் பெயரிடுங்கள். ஒரு பிரதி வெளியூர் உறவினரிடம் இருக்கட்டும்.

காணாமல்போனவரைத் தேடும் குடும்பங்களுக்கு இந்தக் கட்டில் கடைசியாக வந்த கடிதம் ஓர் ஆவணம். செஞ்சிலுவையிடமோ, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கையில் அமைந்த காணாமல்போனோர் அலுவலகத்திடமோ நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்குங்கள்.

புயலில் நனைந்துவிட்டால் பூஞ்சை பிடிக்க இரண்டு நாள் போதும். வெயிலில் போடாமல், அச்சடிக்காத வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, ஈரமான தாளை மணிக்கொரு தரம் மாற்றுங்கள். எண்ணிக்கை அதிகம் என்றால் சிறு சிறு கட்டாக பிளாஸ்டிக் பையில் போட்டு பிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தோடு பிரிக்கக் கூடாது.