முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமா? எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

இரவில் எதிரே வரும் ஹெட்லைட் கண்ணாடி முழுக்கப் பரவிக் கண் கூசுகிறதா? மழையில் வைப்பர் ஓடிய இடம் தெளியாமல் மேலும் மங்குகிறதா? எண்ணெய்ப் படலம்தான். தள்ளிப்போடாதீர்கள், சாலையைக் கடக்கும் ஆள் தாமதமாகத்தான் கண்ணில் படுவார்.

வெள்ளைத் துணியால் உள்ளே ஒரு மூலையையும் வெளியே ஒரு மூலையையும் துடைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பல நேரம் இரண்டு பக்கமும்தான்.

உள்ளே படிவதற்கு முக்கியக் காரணம் டாஷ்போர்டு. பிளாஸ்டிக் விறைத்துப் போகாமலிருக்கச் சேர்க்கும் பொருள் வெயில் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் ஒட்டும், புது வண்டியில் இது அதிகம். டாஷ்போர்டுக்குப் பளபளப்பு பாலிஷ் போடுவதும், உள்ளே சிகரெட் பிடிப்பதும் இதைக் கூட்டும். வெளியே என்றால் முன்னே போகும் வண்டிகளின் புகைக்கரி, ஈரச் சாலையிலிருந்து தெறிக்கும் எண்ணெய், கார் வாஷில் போடும் மெழுகு.

நிழலில் நிறுத்தி, கண்ணாடி ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். உள்பக்கத்துக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போதும். கதவுகளைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. கலவையைக் கண்ணாடியில் அடிக்காமல் மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடையுங்கள், இல்லையென்றால் டாஷ்போர்டில் வழியும். உடனே இன்னொரு காய்ந்த துணி. பலரும் ஒரே துணியால் முடிக்கப் பார்க்கிறார்கள், அது எண்ணெயை இடம் மாற்றுவதோடு சரி. டாஷ்போர்டை ஒட்டிய கீழ் மூலைக்கு உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையில் துணியைப் போர்த்தி நுழைத்தால் எட்டும். சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி என்றால் அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம்.

வெளிப்பக்கத்தைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், அப்புறம் வெறும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரே விரிப்பாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக உடைந்து நின்றால் படலம் இன்னும் இருக்கிறது (நீர் ஒட்டாத கோட்டிங் போட்டிருந்தால் இந்தச் சோதனை செல்லாது). பிடிவாதமான படலத்துக்குச் சீரியம் ஆக்சைடு உள்ள கண்ணாடி பாலிஷ் வாங்கி, பெயின்ட்டில் படாமல் தேய்த்துக் கழுவுங்கள்.

வைப்பர் ரப்பரை மறக்கவே கூடாது. ஆல்கஹால் துணியை விளிம்போடு இழுத்தால் கன்னங்கரேலென்று ஒரு கோடு வரும், அது வெளுக்கும்வரை துடையுங்கள். இல்லையென்றால் அடுத்த மழையிலேயே அதே எண்ணெய் கண்ணாடிக்குத் திரும்பிவிடும்.